கணக்கு யார் கையில்? மேகநாத் சாகாவின் வாழ்வும் பணியும்

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அறிவியலைப் பரப்புவது என்றவுடன் பலருடைய நினைவுக்கு வருவது கோளரங்கத்தின் இருட்டும் அதில் மின்னும் விண்மீன்களும்தான். தொலைநோக்கி வழியே வியாழனின் நிலவுகளைக் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் வியந்து வீடு திரும்புவார்கள். வியப்பு நல்லதே. ஆனால் வியப்போடு காரியம் முடிந்துவிட்டால் அறிவியல் இன்னொரு கோவிலாகிவிடும். விஞ்ஞானி இன்னொரு பூசாரியாகிவிடுவார். கணக்கு அவரிடம் இருக்கும். மக்கள் பலன் கேட்டுக்கொண்டு கைகட்டி நிற்பார்கள்.

மேகநாத் சாகா இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தவர். விண்மீன்களின் ஒளியைப் படிக்கும் சமன்பாட்டை உலகுக்குத் தந்த அவர், தாமோதர் ஆற்றின் வெள்ளத்தைப் பற்றியும், நாட்டின் மின்சாரத் தேவையைப் பற்றியும், பஞ்சாங்கத்தின் பிழையைப் பற்றியும் அதே ஊக்கத்துடன் எழுதினார். எதைப் பற்றி எழுதினாலும் அவருடைய கேள்வி ஒன்றாகவே இருந்தது: இந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது? அது சரிதானா என்று பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டா? இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய, அவருடைய இளமையிலிருந்து தொடங்க வேண்டும்.

தனியே கழுவிய தட்டு

டாக்காவை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில், இன்றைய வங்கதேசத்தில், 1893 அக்டோபர் 6 அன்று சாகா பிறந்தார். பெருமழை நாளில் பிறந்ததால் மேகத்தின் பெயர் இடப்பட்டது என்பர். மேகநாதன் என்பது இராவணன் மகன் இந்திரசித்தின் இயற்பெயர். இராமனை எதிர்த்து நின்ற அந்த வீரனை நாயகனாக்கி, மைக்கேல் மதுசூதன் தத்தர் 1861இல் காப்பியம் படைத்த மொழி வங்கமொழி என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

தந்தை ஜகந்நாத் சாகா சிறு மளிகைக் கடை நடத்தினார். எட்டுப் பிள்ளைகள், அவர்களில் மேகநாத் ஐந்தாமவர். மூத்த அண்ணன் சணல் ஆலையில் மாதம் 20 ரூபாய் ஊதியத்துக்கு உழைத்தார். தொடக்கப் பள்ளி முடிந்ததும் மகனைக் கடையில் உட்கார வைப்பதுதான் தந்தையின் எண்ணம். நடுநிலைப் பள்ளியோ 7 மைல் தொலைவில் சிமுலியாவில் இருந்தது. அங்கே அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டில் இடமும் உணவும் தர முன்வந்தார். அவர் வீட்டுப் பசுவைச் சிறுவன் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். பிறர் தொட்டுக் கழுவ முடியாத தட்டு அது. ஏனெனில் சிறுவன் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவன்.

டாக்கா மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறியதால் மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டில் கர்சன் வங்கத்தைப் பிரித்தார். ஆளுநர் பாம்ஃபில்டு ஃபுல்லர் பள்ளிக்கு வந்தபோது எதிர்ப்பில் கலந்துகொண்ட மாணவர்களில் சாகாவும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. 12 வயதில் பேரரசு அவருக்குக் கற்பித்த முதல் பாடம் அது. வேறு பள்ளியில் சேர்ந்து, 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதலிடம் பெற்றார்.

1911இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீஷ் சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்யேந்திர நாத் போஸ் வகுப்புத் தோழர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஓராண்டு மூத்தவர். உலகம் மதிக்கும் அறிவாளர்கள் நிறைந்த அந்த வளாகத்திலும் சாதி இருந்தது. ஈடன் இந்து விடுதியில் சாகாவோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து உண்ண உயர்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சிமுலியாவின் தட்டு கொல்கத்தாவுக்கும் அவரைத் தொடர்ந்து வந்தது.

விண்மீன்களின் வரிசை

1916இல் அசுதோஷ் முகர்ஜி நிறுவிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சாகா விரிவுரையாளரானார். ராஜாபஜார் அறிவியல் கல்லூரி என்று இன்று நாம் அறியும் கட்டடம்தான் அது. கருவிகள் போதா, பணம் அறவே இல்லை. அவர் எழுதிய கட்டுரை ஒன்றை ஏற்றுக்கொண்ட அமெரிக்க வானியற்பியல் இதழ், அச்சுச் செலவில் ஒரு பங்கை அவரே ஏற்க வேண்டும் என்றது. அவரால் இயலவில்லை. அந்தக் கட்டுரை இங்கேயே, உலகம் அதிகம் பாராத பல்கலைக்கழக வெளியீடு ஒன்றில் வெளிவந்தது.

அந்த நாட்களில் சாகாவும் சத்யேந்திர நாத் போசும் சேர்ந்து ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் அதை நூலாக வெளியிட்டது. மொழிபெயர்ப்பை இரண்டாந்தரப் பணியாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். இந்திய இயற்பியலின் இரு பெரும் பெயர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகவும் இருந்தவர்கள்.

அதே ஆண்டில் சாகாவின் புகழ்பெற்ற கட்டுரையும் வெளிவந்தது. சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் நிறங்களுக்கு இடையே கருங்கோடுகள் தென்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும். ஒரு விண்மீனில் ஹைட்ரஜன் கோடுகள் ஓங்கித் தெரிகின்றன, மற்றொன்றில் கால்சியம், வேறொன்றில் ஹீலியம். இந்தக் கோடுகளை வைத்து ஹார்வர்டு ஆய்வகத்தினர் இலட்சக்கணக்கான விண்மீன்களை வகை பிரித்து வரிசைப்படுத்தினார்கள். வரிசை இருந்தது, அதன் காரணம் தெரியவில்லை. ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா?

சாகா விடை சொன்னார். வெப்பம் ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும். எலக்ட்ரானை இழந்த அணு வேறு கோடுகளைப் பதிக்கும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எத்தனை விழுக்காடு அணுக்கள் அவ்வாறு மாறும் என்பதை ஒரு சமன்பாட்டால் கணக்கிட முடியும். கோடுகளைப் பார்த்தே விண்மீனின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். விண்மீன்களின் வரிசை பெரும்பாலும் வெப்பநிலையின் வரிசையே. அவை ஆன பொருள் ஏறத்தாழ ஒன்றே. உணவுக் கூடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மாணவர் வானத்தைப் பற்றிக் கண்டு சொன்ன உண்மை இது.

1925இல் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் இதே சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று நிறுவினார். அன்றைய பெரிய வானியலர் ஹென்றி நாரிஸ் ரசல் அதை நம்ப மறுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தாமே ஒப்புக்கொண்டார். காலனி நாட்டின் ஏழை ஒருவர் தந்த கருவியைக் கொண்டு, பல்கலைக்கழகங்கள் இடம் தரத் தயங்கிய பெண் ஒருவர் பேரண்டத்தின் இயல்பைக் கண்டு சொன்னார்.

சாகாவை வானியற்பியலின் பக்கம் திருப்பியவை எவை? மாணவப் பருவத்தில் அவர் படித்த இரு நூல்கள். சூரியனையும் விண்மீன்களையும் பற்றி ஆக்னஸ் கிளார்க் என்னும் அயர்லாந்து எழுத்தாளர் பொது வாசகருக்காக எழுதியவை அவை. ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு எளிமைப்பட்டு மக்களிடம் இறங்கி வருவதே அறிவியல் பரப்பல் என்று எண்ணுகிறோம். மக்களுக்காக எழுதிய நூல் ஒன்று ஏழை மாணவர் கையில் சேர்ந்து, கண்டுபிடிப்பாக மேலேறியதும் உண்டு.

‘எல்லாம் வேதத்தில் இருக்கிறது’

ஐரோப்பா சென்று திரும்பிய சாகாவின் புகழ் நாடெங்கும் பரவியிருந்த நேரம். டாக்காவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் அவருடைய ஆய்வைப் பற்றிக் கேட்டார். இளைஞரான சாகா ஆர்வத்தோடு விளக்கினார். இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்தில் உள்ளதுதானே என்றார் வழக்கறிஞர். வேதத்தில் எந்தப் பகுதியில் என்று சாகா கேட்டார். தாம் வேதத்தைப் படித்ததில்லை என்றும், ஆனாலும் எல்லாம் அதில் இருக்கும் என்பது தம் நம்பிக்கை என்றும் பதில் வந்தது.

இந்நிகழ்ச்சியைச் சாகா 1939இல் வங்கமொழி மாத இதழான ‘பாரதவர்ஷ’வில் எழுதினார். சாந்திநிகேதனில் அவர் ஆற்றிய உரையை, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய் கண்டித்து எழுதியதற்கு மறுமொழி அது. வழக்கறிஞரின் பேச்சைக் கேட்டபின் சாகா செய்ததுதான் நமக்கு முக்கியம். அவர் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேதங்களையும் உபநிடதங்களையும் புராணங்களையும் பழைய வானநூல்களையும் தேடிப் படித்தார். அவற்றில் இன்றைய அறிவியல் ஒளிந்திருக்கவில்லை என்று அதன் பின்னரே எழுதினார். வேதத்தைப் போற்றியவர் அதைப் படித்ததில்லை. மறுத்தவரோ வரிவரியாகப் படித்திருந்தார். பழம்பெருமை பேசுவோரோடு வாதிடும் தோழர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

பத்திரிகையும் ஆறும்

1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாகா, 1927இல் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1935இல் கொல்கத்தாவில் இந்திய அறிவியல் செய்திக் கழகத்தை உருவாக்கி, ‘சயன்ஸ் அண்ட் கல்ச்சர்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1938இல் கொல்கத்தாவுக்கே திரும்பினார். வெள்ளம், பஞ்சம், மின்சாரம், கல்வி, தொழில் திட்டம் என்று நாட்டின் கேள்விகள் அவ்விதழில் அறிவியல் கேள்விகளாக அலசப்பட்டன. ஏறத்தாழ 1930 வரை ஆய்வகத்துக்குள் ஒதுங்கி வாழ்ந்ததாகவும், நிர்வாகத்துக்குச் சட்டம் ஒழுங்கைப் போலவே அறிவியலும் இன்றியமையாதது என்று உணர்ந்தே பொதுவாழ்வுக்குள் வந்ததாகவும் பின்னாளில் அவர் சொன்னார்.

அதே 1930களில் தமிழகத்தில் சிங்காரவேலர் ‘குடி அரசு’ ஏட்டில் அண்டத்தைப் பற்றியும் உயிரின் தோற்றத்தைப் பற்றியும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். வங்கத்தில் சத்யேந்திர நாத் போஸ், தாய்மொழியில் அறிவியலை வளர்க்க 1948இல் வங்கீய விஞ்ஞான் பரிஷத்தை நிறுவினார். இவர்கள் ஒரே அமைப்பினர் அல்லர். ஒரே கொள்கையினரும் அல்லர். அறிவு சிலருக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்பதில் ஒன்றுபட்டவர்கள்.

தாமோதர் ஆற்றின் வெள்ளத்தைச் சாகா ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். 1913 வெள்ளத்தில் மாணவராக நிவாரணப் பணி செய்தவர். 1922இல் வடக்கு வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது பிரபுல்ல சந்திர ராயின் தலைமையில் இறங்கி உழைத்தவர். 1943இல் தாமோதர் மீண்டும் கரையுடைத்து, ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் அறுத்து, கொல்கத்தாவைத் துண்டித்தது. வங்கம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. விசாரணைக் குழுவில் இடம்பெற்ற சாகா, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கை முன்மாதிரியாகக் காட்டி, ஆறு முழுவதையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது.

1938இல் காங்கிரஸ் தலைவரான சுபாஷ் சந்திர போசிடம் தேசிய திட்டக் குழுவை வலியுறுத்தியவர்களில் சாகா முன்னணியில் நின்றார். நேரு அக்குழுவின் தலைவரானார். இராட்டையால் நாட்டின் வறுமை தீராது, பெருந்தொழிலும் மின்சாரமும் வேண்டும் என்று சாகா ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 1945இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்து, அங்கே கண்டதை நூலாக எழுதினார்.

1952 பொதுத்தேர்தலில் வடமேற்குக் கொல்கத்தாத் தொகுதியில் இடதுசாரி ஆதரவுடன் போட்டியிட்டு, காங்கிரசைத் தோற்கடித்து மக்களவைக்குச் சென்றார். கிழக்கு வங்கத்திலிருந்து உடுத்திய துணியோடு வந்த அகதிகளுக்காக அங்கே குரல் கொடுத்தார். அணுசக்தித் துறையைச் சூழ்ந்திருந்த இரகசியத்தை 1954இல் அவையிலேயே கேள்விக்கு உள்ளாக்கினார். 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்த அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை இதே நகரில் கட்டியெழுப்பியவர் அவர். துறையை அறியாதவர் கேட்ட கேள்வி என்று ஒதுக்க யாராலும் இயலவில்லை.

சாகா பொதுவுடைமையாளர் அல்லர். அவரை அப்படிக் காட்டுவதும் நேர்மையாகாது. வல்லுநர்கள் சரியாகத் திட்டமிட்டால் நாடு முன்னேறும் என்று அவர் பெரிதும் நம்பினார். திட்டம் எந்த வர்க்கத்தின் அரசின் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அந்த நம்பிக்கை பின்னுக்குத் தள்ளியது. தாமோதரிலும் அதன் கிளைகளிலும் 1953 முதல் 1959 வரை நான்கு பெரிய அணைகள் எழுந்தன. ஆதிவாசிகளின் ஊர்களும் நிலங்களும் நீருக்குள் போயின. வெளிச்சம் தொலைவிலுள்ள ஆலைகளுக்குப் போயிற்று. கணக்கை மக்கள் கையில் தர விரும்பியவரின் கனவுத் திட்டத்திலேயே, கணக்கில் சேர்க்கப்படாத மக்கள் இருந்தார்கள். இதைச் சொல்வதால் சாகாவின் பெருமை குறையாது. அவருடைய கேள்வியை அவருடைய திட்டத்தின் மீதே வைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு உண்மையாக இருப்பது.

அறுபது ஆண்டுக்கு ஒரு நாள்

அவர் கடைசியாகக் கையிலெடுத்த பெரும்பணி பஞ்சாங்கம். விடுதலை பெற்ற இந்தியாவில் சுமார் 30 வகை நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குச் சாகா தலைவரானார்.

பிழை எங்கே இருக்கிறது என்பதை எந்தத் தோழரும் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய சூரிய சித்தாந்தத்தின்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள், 6 மணி, 12½ நிமிடம். பருவங்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்ப ஆகும் காலமோ 365 நாள், 5 மணி, 48¾ நிமிடம். வேறுபாடு ஏறத்தாழ 24 நிமிடம். 60 ஆண்டுகளில் அது ஒரு நாளாகிறது. பிரபவ முதல் அட்சய வரை நம் தமிழ் ஆண்டுகளின் வட்டம் ஒருமுறை சுற்றி முடிவதற்குள் பஞ்சாங்கம் பருவத்திலிருந்து ஒரு நாள் விலகிவிடுகிறது. இந்தக் கணக்கு வழக்குக்கு வந்து சுமார் 1400 ஆண்டுகள் ஆகின்றன; 23 நாட்கள் விலகியிருக்கின்றன. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டி வர வேண்டிய சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14க்கு வந்தது இப்படித்தான்.

விண்மீன்களை வைத்து எண்ணுகிறோம், பருவத்தை வைத்து அல்ல என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. விண்மீன்களை வைத்துப் பார்த்தாலும் பழைய ஆண்டு சுமார் 3½ நிமிடம் கூடுதலே. அதைவிட முக்கியமானது, உழவன் விதைப்பது பருவத்தைப் பார்த்துத்தான் என்பது. நெல்லுக்கு மேஷ ராசி தெரியாது. மழையும் வெயிலும்தான் தெரியும்.

குழு 1955இல் அறிக்கை தந்தது. மதப் பண்டிகைகளின் நாட்களை அது திடீரென இடம்பெயர்க்கவில்லை. வழக்கத்தோடு சமரசம் செய்துகொண்டது. ஆனால் பிழை இதற்குமேல் வளராமல் இருக்க வழி சொன்னது. அரசின் பயன்பாட்டுக்குப் பருவத்தோடு பொருந்திய தேசிய நாட்காட்டியை வகுத்தது. 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாளாக அது நடைமுறைக்கு வந்தது. அன்று சாகா உயிரோடு இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று, டில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 62.

வானக் கணிப்புக்காக அந்நாளில் அமைக்கப்பட்ட பிரிவு, இன்று கொல்கத்தாவில் நிலைசார் வானியல் மையமாக இயங்குகிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் தேசியப் பஞ்சாங்கத்தை வெளியிடுகிறது. அம்மையத்தை வழிநடத்தி, 2020இல் மறைந்த அமலேந்து பந்தோபாத்யாய் போன்றோர், வானத்தைப் பற்றி எளிய வங்கமொழியில் மக்களுக்கு எழுதும் மரபைத் தொடர்ந்தார்கள்.

இன்றைய வழக்கறிஞர்கள்

டாக்கா வழக்கறிஞர் இன்று தனிமனிதர் அல்லர். ஆட்சி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். 2014 அக்டோபரில் மும்பை மருத்துவமனை விழாவில், விநாயகரின் தலையைப் பண்டைக்கால அறுவைச் சிகிச்சைக்குச் சான்றாகப் பிரதமரே காட்டினார். சாகா 1934இல் தலைமை வகித்த இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையில், 2015இல் வேதகால விமானம் பறந்தது. 2019இல் கௌரவர்கள் சோதனைக் குழாய்க் குழந்தைகள் ஆனார்கள். 2023இல் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து டார்வினின் பரிணாமம் நீக்கப்பட்டது. இதே மேற்கு வங்கத்தில் கரக்பூர் ஐஐடி, 2022க்கு வெளியிட்ட நாட்காட்டியில் ஆரியர் வருகை பற்றிய வரலாற்று ஆய்வை மறுத்துப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. பிழை திருத்த ஒரு நாட்காட்டி உருவான மண்ணில், பிழை பரப்ப ஒரு நாட்காட்டி வந்தது.

கேள்வி கேட்டவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 2013இல் நரேந்திர தபோல்கர், 2015இல் கோவிந்த் பன்சாரே, அதே ஆண்டில் எம்.எம்.கல்புர்கி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்தவர்களைத் துப்பாக்கி தேடி வந்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? கண்டன அறிக்கை மட்டும் போதாது. வருகிற மார்ச் 21 அன்று ஒவ்வொரு கிளையும் ஒரு திறந்த வெளியில் செங்குத்தாக ஒரு கோல் நடட்டும். காலையிலிருந்து மாலைவரை நிழலின் நுனியை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு வந்தால், புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமையும். சித்திரை முதல் நாளில் அதையே செய்தால் கோடு வளைந்திருக்கும். டிசம்பர் 22 அன்று நண்பகல் நிழலை அளந்து வைத்து, தை முதல் நாளில் மறுபடி அளந்தால் நிழல் குறுகியிருக்கும். உத்தராயணம் மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைக் குழந்தையும் கண்ணால் காணும். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், பட்டம் வேண்டாம், பூசாரி வேண்டாம், விஞ்ஞானிகூட வேண்டாம். ஒரு கோலும், ஒரு சுண்ணக்கட்டியும், அரை நாள் பொறுமையும் போதும்.

தான் உண்ட தட்டைத் தனியே கழுவிய சிறுவன் விண்மீனின் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தான். அவ்வாறு போட்டுப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் எழுதினான், பேசினான், தேர்தலில் நின்றான். அந்தக் கோலைச் சேரியிலும் ஊர் நடுவிலும் ஒன்றுபோல நடுவோம். நிழலை எல்லோரும் சேர்ந்து நின்று அளப்போம்.